யாருடைய கை? பிரெஞ்சு முலாம் சுவர்விளக்குகளும் பெயர் தேடும் கதையும்

பாரிஸில் செய்த பழைய பொன்முலாம் வெண்கலச் சுவர்விளக்கைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால், சிலவற்றின் ஓரத்தில் சிறிய முத்திரை ஒன்று தட்டுப்படும். ‘சி’ என்ற எழுத்து, அதன் தலையில் ஒரு கிரீடம். அரிசிமணி அளவுதான் இருக்கும். பழம்பொருள் சேர்ப்பவர்களும் விற்பவர்களும் ஒரு காலத்தில் இதைக் கண்டால் மகிழ்ந்துபோவார்கள். ‘சி’ என்றால் காஃபியேரி என்றார்கள் சிலர். இல்லை, கிரெஸான் என்றார்கள் வேறு சிலர். பிரெஞ்சில் இரண்டு பெயருமே அந்த எழுத்தில்தான் தொடங்குகின்றன. இருவருமே 15ஆம் லூயி காலத்துப் பெரிய கைகாரர்கள். எந்தப் பெயரைச் சொன்னாலும் நம்பும்படியாகத்தான் இருந்தது.

1924இல் ஆன்றி நோக் என்ற ஆய்வாளர் இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டினார். அது கைவினைஞர் யாருடைய முத்திரையும் இல்லை, வரி கட்டியதற்கான அடையாளம். ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1745இல், செம்பிலும் செம்புக் கலவையிலும் செய்த பொருட்களுக்குப் பிரெஞ்சு அரசு ஒரு வரி விதித்தது. புதிய பொருளோ பழைய பொருளோ, விற்பனைக்கு வந்தால் வரி உண்டு. 1749இல் அந்த வரி நீங்கியது. செம்பைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் முதலெழுத்துதான் அந்த ‘சி’. சுங்கச்சாவடிச் சீட்டைக் கலைஞரின் கையெழுத்தென்று அத்தனை காலம் வாசித்திருக்கிறார்கள்.

முத்திரையால் பயனே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. முத்திரை உண்மையானதாக இருந்தால், அந்த விளக்கு 1749க்குள் இந்த உலகத்தில் இருந்தது என்று துணிந்து சொல்லலாம். நடைப்பாணியை மட்டும் வைத்துக் காலம் கணிப்பவர்களுக்கு அது பெரிய ஊன்றுகோல். செய்தது யார் என்ற கேள்விக்கு மட்டும் அது பதில் சொல்லாது. இந்தப் பொருட்களின் ஆய்வு வரலாறு முழுவதும் ஏறக்குறைய இந்தக் கதையின் மறுபதிப்புதான்: பெயர் ஒன்று வேண்டும் என்ற ஆசை முதலில் வருகிறது, சான்று பின்னால் வருகிறது.

18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணக்கேடுகளில் இந்த விளக்குக்கு வழங்கிய பெயர் ‘கை’. ‘ஒளியின் கை’ என்றும் எழுதினார்கள். கணப்படுப்பின் இருபுறமும் மாட்டியதால் ‘கணப்புக் கை’ என்றும் எழுதினார்கள். சுவரிலிருந்து கிளை ஒன்றோ இரண்டோ மூன்றோ நீண்டு மெழுகுவர்த்தியை ஏந்தி நிற்கும். கிளையின் நுனியில் வர்த்தி செருகும் குழல், அதன் அடியில் உருகிய மெழுகைத் தாங்கும் சிறு தட்டு, பின்னால் சுவரோடு ஒட்டும் தண்டு. உறுப்புகள் இவ்வளவுதான். இவற்றை வைத்துக்கொண்டு 100 ஆண்டுக் காலம் பாரிஸ் நகரம் ஆடிய ஆட்டம்தான் வியப்பு.

ஆட்டத்துக்குக் களம் அமைத்துக் கொடுத்தது கண்ணாடி. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சின் அரச கண்ணாடித் தொழிற்சாலை பெரிய பலகைகளாகக் கண்ணாடி வார்க்கக் கற்றது. அதன் பிறகு கணப்படுப்புக்கு மேலே உயரமான நிலைக்கண்ணாடி பதிப்பது செல்வர் வீடுகளில் வழக்கமாயிற்று. அந்தக் கண்ணாடியின் இரு ஓரங்களிலும் மெழுகுவர்த்தி ஏற்றினால் சுடரும் அதன் பிம்பமும் சேர்ந்து அறைக்கு வெளிச்சம் கூடும். தேன்மெழுகு வர்த்தி விலை கூடிய பண்டம். அதன் ஒளியில் ஒரு துளியும் வீணாகக் கூடாது. விளக்கின் உடம்பையே பொன்னாக்கியதற்கு இது ஒரு காரணம். அசையும் சுடர் முலாத்தில் பட்டு, மெருகேற்றிய இடத்தில் பளிச்சிடும், மங்கலாக விட்ட இடத்தில் ஊறி நிற்கும். இலையின் நடு நரம்பை மட்டும் மின்னவிட்டு மற்றப் பரப்பை மங்கலாக விட்ட உளிக்காரர் இதை மனத்தில் வைத்துத்தான் வேலை செய்தார். இன்று அதே விளக்கின் வயிற்றைத் துளையிட்டுக் கம்பி நுழைத்து, பொய் மெழுகுவர்த்திக்குள் மின்விளக்கு எரிய வைக்கிறார்கள். அசையாத அந்த ஒளியில் மங்கலும் மெருகும் ஒன்றுபோலத் தெரிகின்றன. விளக்கு எரியத்தான் எரிகிறது. உளிக்காரரின் பாதி உழைப்பு அணைந்துவிடுகிறது.

இவை தனியாக நிற்கும் பொருட்களும் இல்லை. இரண்டாக, நான்காக, எட்டாக, ஒரு குறிப்பிட்ட அறையின் குறிப்பிட்ட பலகைக்கென்று செய்யப்பட்டவை. இன்று ஏலக்கூடத்திலோ அருங்காட்சியகத்திலோ நாம் பார்ப்பது வாக்கியத்திலிருந்து பிய்த்தெடுத்த சொல். எந்த வாக்கியம் என்று தெரிந்தால் பொருள் பாதி விளங்கிவிடும்.

இனிக் கேள்விக்கு வருவோம். இதைச் செய்தது யார்?

முதலில் ஒருவர் வரைகிறார். அவர் கட்டடக் கலைஞராக இருக்கலாம், அலங்கார ஓவியராக இருக்கலாம். வரைபடத்தைச் சிற்பி ஒருவர் மெழுகிலோ களிமண்ணிலோ மரத்திலோ உருவாக்குகிறார். அதிலிருந்து வார்ப்பவர் மணல் அச்செடுத்து, துண்டு துண்டாக உலோகம் ஊற்றுகிறார். கரடுமுரடாக வெளிவரும் துண்டுகளை உளிக்காரர் அரத்தாலும் சிற்றுளியாலும் செதுக்கி இலைக்கு நரம்பும் முகத்துக்கு உயிரும் தருகிறார். துண்டுகளைத் திருகாணியாலும் ஆணியாலும் பொருத்துகிறார்கள். பிறகு முலாம்காரரிடம் போகிறது. கடைசியில் வணிகர் ஒருவர் அதை வாங்குபவரின் வீட்டில் கொண்டுபோய் மாட்டுகிறார். வழியில் ஐந்தாறு பேர் கைவைத்துவிடுகிறார்கள். சில நேரம் இரண்டு மூன்று வேலைகளை ஒரே பட்டறை ஏற்றுக்கொள்ளும். ஆனால் எல்லாவற்றையும் ஒருவரே செய்வதைச் சட்டமே தடுத்தது.

பாரிஸின் தொழிற்குழுக்கள் எல்லை வகுத்துக்கொண்டு வாழ்ந்தவை. வார்ப்பவர் குழு வேறு, உலோகத்தில் முலாம் பூசுவோர் குழு வேறு. ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் கால் வைத்தால் சோதனை, பறிமுதல், வழக்கு. சார்ல் கிரெஸான் (1685–1768) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சிற்பியாகப் பயின்று மரத்தளவாடத் தொழிலுக்கு வந்தவர். தன் மேசைகளிலும் அலமாரிகளிலும் பதிக்கும் வெண்கலத்தைத் தன் கண்முன்னே, தன் பட்டறையிலேயே வார்த்துச் செதுக்கி முலாம் பூசவைக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். வெளியே கொடுத்தால் மாதிரியைத் திருடிவிடுவார்கள் என்பது அவர் பயம். அது நியாயமான பயமும்கூட. வார்ப்பவர்களும் முலாம்காரர்களும் அவர்மேல் திரும்பத் திரும்ப வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கு ஆவணங்கள்தான் இன்று ஆய்வாளருக்குப் புதையல். கடன் நெருக்கியபோது தன் சரக்கை ஏலம்விட அவர் தயாரித்த பட்டியல்களும் (1749, 1757, 1765) அப்படித்தான். தன் பொருட்களைத் தானே வருணித்து எழுதிய கைவினைஞர் அந்தக் காலத்தில் அபூர்வம். அவர் பெயரால் இன்று உறுதியாகச் சொல்ல முடிகிறவற்றில் பலவும் இந்தப் பட்டியல்களின் வருணனையோடு ஒத்துப்போவதால் சொல்லப்படுபவை. மனிதருக்கு வந்த கடனும் வம்பும்தான் நமக்குச் சான்றாக மிஞ்சின.

மரத்தளவாடக்காரர்கள் தங்கள் பெயர் முத்திரையைப் பொருளில் குத்தவேண்டும் என்று 1743இல் எழுதி 1751இல் நடைமுறைக்கு வந்த குழு விதி கட்டாயப்படுத்தியது. அதனால்தான் அக்காலத்து மேசை நாற்காலிகளின் ஆசிரியர்களை நம்மால் ஓரளவு எண்ணிச் சொல்ல முடிகிறது. வெண்கலத்துக்கு அப்படிப்பட்ட விதி இல்லை. கையெழுத்திட்ட சுவர்விளக்கு கிடைத்தால் அது விதிவிலக்கு. அந்த விதிவிலக்குகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது.

லாஸ் ஏஞ்சலஸின் கெட்டி அருங்காட்சியகத்தில் ஓர்லியான் கோமகனின் பலே ருவாயால் மாளிகைக்கென்று செய்த நான்கு சுவர்விளக்குகள் இருக்கின்றன. பிரான்சுவா-தோமா ஜெர்மேன் செய்தது என்று பெயரும், லூவர் கூடங்களில் குடியிருப்பவர், அரசரின் பொற்கொல்லர் என்று பட்டமும், 1756 என்று ஆண்டும் அவற்றில் பொறிப்பாக இருக்கின்றன. ஜெர்மேன் உண்மையில் வெள்ளி வேலைக்காரர். அரசர் அளித்த லூவர் குடியிருப்பில் இருந்ததால் தொழிற்குழுக்களின் கை அவர்மேல் நீளவில்லை. அவருக்கு வெகு முன்பே ஆந்த்ரே-சார்ல் பூலும் (1642–1732) இதே லூவர் சலுகையில்தான் மரமும் வெண்கலமும் ஒரே கூரைக்கடியில் செய்தார். லண்டன் வாலஸ் தொகுப்பில் 1751ஆம் ஆண்டுக் கொத்துவிளக்கில் பெயர் பொறித்த ஜாக் காஃபியேரியும் அரசருக்கு வேலை செய்தவர். ஆக, பெயர் பொறிக்கும் துணிவும் வாய்ப்பும் வாய்த்தவர்கள் பெரும்பாலும் அரசரின் நிழலில் நின்றவர்கள். மற்றவர்கள் ஊமையாகவே இருந்தார்கள். கையெழுத்து இருக்கும் பொருட்களை மட்டும் வைத்துக் கலை வரலாறு எழுதினால், அது அரண்மனைக்கு நெருங்கியவர்களின் வரலாறாகத்தான் முடியும்.

1776இல் நிதியமைச்சர் துர்கோ தொழிற்குழுக்களையே ஒழித்தார். அவர் பதவி போனதும் அதே ஆண்டில் குழுக்கள் திரும்பி வந்தன. ஆனால் வார்ப்பவரும் முலாம்காரரும் இப்போது ஒரே குழு. நூறாண்டு வழக்குகள் ஒரே கையெழுத்தில் பொருளிழந்தன.

கைவினைஞர்களின் பெயர் மறைந்ததற்கு வணிகருக்கும் பங்குண்டு. பாரிஸின் ஆடம்பரப் பொருள் வணிகர்கள் தனிக் குழுவினர். எதையும் விற்கலாம், எதையும் செய்யக்கூடாது என்பது அவர்கள் விதி. ஆனால் யோசனை அவர்களுடையது, முதலும் அவர்களுடையது, வாடிக்கையாளரும் அவர்களுடையவர். லஸார் துவோ என்ற வணிகரின் 1748 முதல் 1758 வரையான நாட்குறிப்பேடு தப்பிப் பிழைத்து, 1873இல் அச்சிலும் வந்தது. 15ஆம் லூயியின் ஆசைநாயகி மதாம் து பொம்பதூர் அதில் அடிக்கடி வருகிறார். என்ன விற்றது, யாருக்கு விற்றது, என்ன விலை என்று வரிசையாக இருக்கிறது. உண்மையான பொன்முலாம் பூசிய ‘கை’களும், பொன்னிறச் சாயம் மட்டும் ஏற்றிய மலிவான ‘கை’களும் அதில் தனித்தனியே குறிக்கப்படுகின்றன. செய்தவர் பெயர் மட்டும் அநேகமாக இல்லை. துவோவுக்கு அது தேவைப்படவில்லை, வாங்கியவர்களுக்கும் தேவைப்படவில்லை. நமக்குத்தான் தேவைப்படுகிறது.

இந்த வரிசையில் மிகக் கொடிய வேலை முலாம்காரருடையது. பொன்னைப் பாதரசத்தில் கரைத்து வெண்ணெய்போன்ற களிம்பாக்குவார்கள். அதைப் பித்தளைக் கம்பித் தூரிகையால் உலோகத்தின்மேல் தடவிக் கரி நெருப்பில் காட்டினால் பாதரசம் ஆவியாகப் போய்விடும், பொன் ஒட்டிக்கொள்ளும். தேவைப்பட்டால் மறுபடியும் தடவி மறுபடியும் சுட வேண்டும். கடைசியில் அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்ற வேண்டும். ஆவியான பாதரசம் எங்கே போயிற்று? குனிந்து நின்றவரின் நுரையீரலுக்கு. கை நடுக்கம், பல் உதிர்தல், இளவயதுச் சாவு என்று அந்தத் தொழிலின் கூலி அறியப்பட்டதுதான். ஆந்த்ரே-ஆந்துவான் ரவ்ரியோ என்ற வெண்கலப் பட்டறைக்காரர் 1814இல் இறந்தபோது, முலாம்காரர்களைப் பாதரசத்திலிருந்து காக்கும் வழி கண்டுபிடிப்பவருக்கு 3,000 பிராங்க் பரிசு தரும்படி உயில் எழுதிவைத்தார். வேதியியலர் தார்சே காற்றை மேலிழுக்கும் புகைபோக்கி அடுப்பொன்றை வடிவமைத்து அந்தப் பரிசைப் பெற்றார். இதே தொழிலில் செல்வம் சேர்த்தவர்களில் தன் மனச்சாட்சிக்காகப் பணம் ஒதுக்கியவர் என்று எனக்குத் தெரிந்து ரவ்ரியோ ஒருவர்தான். அருங்காட்சியகச் சுவர் அட்டைகளில் இந்தச் செய்தியைக் காணமுடிவதில்லை.

வடிவங்களின் போக்குக்கு வருவோம். பூல் காலத்து விளக்குகள் கனமானவை, நேர்கோட்டில் சமநிலை கொண்டவை. அவருடைய வடிவங்களை மரியெத் என்ற பதிப்பாளர் செதுக்குப் படங்களாக வெளியிட்டார். அந்தப் படங்களில் சுவர்விளக்கும் உண்டு. பூல் பெயரால் வழங்கும் விளக்குகளுக்கு அந்தப் படங்கள்தான் முதல் சாட்சி. ஆனால் அச்சில் வந்த படத்தை எவரும் வாங்கலாம், எவரும் பார்த்துச் செய்யலாம் என்பதையும் உடனே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1720களின் கடைசியிலிருந்து ரொக்கோக்கோ பாணி எல்லாவற்றையும் முறுக்கிவிட்டது. மெஸோனியே போன்ற வடிவமைப்பாளர்கள் சமச்சீரை உடைத்தார்கள். கிளை ஒரு பக்கமாகச் சுழன்று எழும், சிப்பியும் நீர்த்திவலையும் இலையும் ஒன்றோடொன்று கரையும், எது தண்டு எது பூ என்று சொல்ல முடியாது. இங்கே பட்டறைக்கணக்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு விளக்கு இடப்பக்கம் சாய்ந்தால் அதன் இணை வலப்பக்கம் சாய வேண்டும். கண்ணாடியின் இருபுறமும் அவை ஒன்றையொன்று பார்த்து நிற்க வேண்டும். அதனால் ஒரு சோடிக்கு இரண்டு தனி மாதிரிகள் தேவை. சிற்பிக்கு இருமடங்கு வேலை, வாங்குபவருக்கு அதற்கேற்ற செலவு. நல்ல ரொக்கோக்கோ சோடியை அடையாளம் காண இது ஓர் எளிய வழி. இணைகளை அருகருகே வைத்து இலைக்கு இலை ஒப்பிட்டால், பிம்பம்போல இருந்தும் ஒவ்வொரு இலையும் தனியாகச் செதுக்கப்பட்டிருப்பது தெரியும். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால், இரண்டு சோடிகள் எங்கோ பிரிந்து தவறாகச் சேர்ந்திருக்கின்றன, அல்லது பிறகு யாரோ மலிவாகச் செய்திருக்கிறார்கள்.

1750களின் நடுவில் ‘கிரேக்கச் சுவை’ வந்தது. லாலீவ் த ஜுல்லி என்ற செல்வர் தன் அறைக்குச் செய்வித்த கனத்த தளவாடங்களின் வெண்கலத்தைச் செய்தவர் ஜாக் காஃபியேரியின் மகன் ஃபிலிப். தாழிகள், தடித்த மாலைகள், ஆட்டுத்தலைகள், கயிற்று முறுக்குகள் என்று சுவர்விளக்கும் மறுபடி நேராக நிமிர்ந்தது. விளக்கு தன்னளவிலேயே சமச்சீரானதால் ஒரே மாதிரியிலிருந்து சோடி முழுவதையும் வார்த்துவிடலாம். சுவை மாறியதற்குத் தத்துவக் காரணங்கள் நிறைய எழுதப்பட்டிருக்கின்றன. வார்ப்புப் பட்டறையில் அது செலவைக் குறைத்தது என்பதையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டத்துக்கு நல்ல சான்று கிடைப்பது பாரிஸில் இல்லை, வார்சாவில். போலந்து மன்னர் ஸ்தனிஸ்வாவ் ஆகுஸ்து தன் அரண்மனையைப் புதுப்பிக்கக் கட்டடக் கலைஞர் விக்தோர் லூயியை அமர்த்தினார். அந்தத் திட்டத்துக்கு வெண்கல வடிவங்களை வரைந்தவர்களில் ஜான்-லூயி ப்ரியர் முக்கியமானவர். 1760களின் நடுவில் வரைந்த அந்தத் தாள்கள் வார்சா பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு பல விளக்குகளுக்கு ‘ப்ரியர்’ என்று பெயர் சூட்டப்பட்டது. பெயர் பொருத்தம்தான், ஆனால் அது எதைக் குறிக்கிறது? வரைந்தவரையா, வார்த்தவரையா? அட்டைகள் பெரும்பாலும் இதைத் தெளிவாக்குவதில்லை.

இனி குத்தியேர். பியேர் குத்தியேர் (1732–1813) பெயரைச் சொல்லாமல் இந்தத் துறையில் ஒரு கட்டுரையும் முடியாது. அவர் பெயரால் நடந்த அளவுக்குத் தவறு வேறு யார் பெயராலும் நடக்கவில்லை. 1758இல் முலாம் தொழிலில் தேர்ச்சி பெற்றார், 1767இல் அரசரின் உளிக்காரர், முலாம்காரர் என்ற பட்டம் பெற்றார். முத்துப்போல மங்கிய முலாத்தை அவர்தான் கண்டுபிடித்தார் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. அதை யாரும் எட்டாத உயரத்துக்குக் கொண்டுபோனவர் அவர் என்று சொல்வது பாதுகாப்பு. லூவரில் இருக்கும் ஒரு சோடிச் சுவர்விளக்கைப் பார்த்தால் இது புரியும். மசாரின் கோமகளின் மாளிகைக்கென்று 1780ஐ ஒட்டிச் செய்தது. கிளைகள் கசகசாச் செடியின் தண்டுகளாக எழுந்து, பூவும் காயும் விரிந்து வர்த்தியை ஏந்துகின்றன. பூவிதழின் மடிப்பும் காயின் மேல் வரியும் உலோகம் என்பதை மறக்கடிக்கும். வடிவம் கட்டடக் கலைஞர் பெலான்ஜேயுடையது.

குத்தியேரே தன் பங்கை எங்கே நிறுத்திக்கொண்டார் என்பதற்கும் சான்று இருக்கிறது. வாலஸ் தொகுப்பிலுள்ள 1771ஆம் ஆண்டு ‘அவிஞான் கடிகார’த்தில், உருவம் சிற்பி புவாஸோ மகனுடையது, செய்து முடித்தது குத்தியேர் என்று இரண்டு பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. இந்த நேர்மை பின்னால் வந்தவர்களிடம் இல்லை. 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் 16ஆம் லூயி காலத்து நல்ல முலாம் வேலை எதைக் கண்டாலும் ‘குத்தியேர்’ என்று எழுதிவிட்டார்கள். கோடீசுவரர்கள் அந்தப் பெயருக்காகவே வாங்கினார்கள். ஃபிரான்சுவா ரெமோன், தோமீர் போன்ற மற்றக் கைவினைஞர்களின் பெயர்களை ஆவணங்களிலிருந்து மீட்கத் தொடங்கியபோதுதான் குத்தியேரின் பட்டியல் சுருங்கியது. நியூயார்க்கின் ஃபிரிக் அருங்காட்சியகம் 2016இல் அவருக்கென்று தனிக் கண்காட்சி நடத்தியபோது, ஆவணத்தால் உறுதியானவற்றையும் ஊகத்தையும் பிரித்துவைப்பதே அதன் பெரும்பணியாக இருந்தது. மனிதர் வாழ்ந்த வாழ்க்கையோ வேறு. மசாரின் கோமகள் 1781இல் இறந்தார். 1787இல் குத்தியேர் கடனில் மூழ்கினார். அவருடைய இன்னொரு வாடிக்கையாளர், 15ஆம் லூயியின் ஆசைநாயகியாக இருந்த து பாரி சீமாட்டி, 1793இல் கில்லட்டினுக்குப் போனார். அந்தச் சீமாட்டி தனக்குத் தரவேண்டியது 7,56,000 லிவர் என்று குத்தியேர் கணக்குச் சொன்னார். கேட்டது கிடைக்காமலே வறுமையில் இறந்தார்.

பெயர் தேடுபவருக்கு நம்பத்தக்கது காகிதம்தான். அரசரின் தளவாடக் காப்பகம் தன் பதிவேட்டில் பொருளை வருணித்து எண் கொடுத்தது. அந்த எண் விளக்கின் பின்புறம் இருந்து, வருணனையும் அளவும் பொருந்தினால், எந்த அறைக்கு, எந்த ஆண்டில் வந்தது, யார் கொண்டுவந்து கொடுத்தது என்பது வரை தெரிந்துவிடும். ஆய்வாளர் பியேர் வெர்லே இப்படிப் பதிவேட்டையும் பொருளையும் ஒட்டவைப்பதை ஒரு துறையாகவே வளர்த்தார். அவருடைய வெண்கல நூலும் (1987), அதற்கு ஓராண்டு முன் வந்த ஓட்டோமையர், ப்ரோஷல் இருவரின் பெருந்தொகுப்பும் இன்றுவரை மேசையில் இருக்கும் நூல்கள். ஆனால் பதிவேட்டிலும் ஒரு பொறி இருக்கிறது. பொருளைக் கொடுத்தவர் செய்தவராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. பணம் பெற்றவர் அவர், அவ்வளவே. பதிவேட்டோடு பொருளைப் பொருத்துவதும் எப்போதும் முடிவதில்லை. பிரெஞ்சுப் புரட்சி அரசு 1793 ஆகஸ்டு முதல் ஓராண்டு நடத்திய வெர்சாய் அரண்மனை ஏலத்தில் 17,182 இலக்கங்கள் விற்றுப் போயின. சோடிகள் பிரிந்தன, எண்கள் தேய்ந்தன, அறைகள் காலியாயின.

மாதிரி என்ற சொத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு நல்ல மாதிரி வார்ப்பவரின் பட்டறையில் முப்பது நாற்பது ஆண்டுகள் உயிரோடிருக்கும். அவர் இறந்தால் மகனிடம் போகும், அல்லது விலைக்குப் போகும். மாதிரித் திருட்டு தாங்காமல் 1766இல் வார்ப்பவர்கள் நீதிமன்றம் வழியாகப் பாதுகாப்புத் தேட வேண்டியதாயிற்று. எனவே ஒரே வடிவம், இரண்டு பட்டறை, இருபதாண்டு இடைவெளி என்பது வெகு சாதாரணம். ‘இதே வடிவம் இன்னார் கையெழுத்தோடு வேறிடத்தில் இருக்கிறது, ஆகவே இதுவும் அவருடையது’ என்ற வாதம் இந்தத் துறையில் அடிக்கடி கேட்கும் வாதம். அடிக்கடி சறுக்கும் வாதமும் அதுதான்.

19ஆம் நூற்றாண்டு இதை இன்னும் சிக்கலாக்கியது. அதன் பிற்பாதியில் 18ஆம் நூற்றாண்டு மோகம் பிடித்து ஆட்டியபோது ஆன்றி தாஸோன், பெர்தெலே, லிங்க்கே போன்ற பட்டறைகள் பழைய வடிவங்களை அப்பழுக்கில்லாமல் திரும்பச் செய்தன. அவர்களை மோசடிக்காரர்கள் என்பது அநியாயம்; பலரும் தங்கள் பெயரைப் பொறித்தே விற்றார்கள். அந்தப் பெயரைப் பின்னால் அரத்தால் தேய்த்தவர்கள்தான் மோசடிக்காரர்கள். பழைய விளக்கிலிருந்தே அச்செடுத்து வார்த்த நகலைப் பிடிக்க ஓர் அளவுகோல் உண்டு: உருகிய உலோகம் ஆறும்போது 100க்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை சுருங்கும். அசலைவிட நகல் அந்த அளவு சிறுத்திருக்கும். நுண்ணிய வரிகளும் மழுங்கியிருக்கும், அவற்றைப் புதிதாகக் கீறிச் சரிசெய்திருப்பார்கள்.

ஆய்வுக்கூடம் சொல்வதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. வெண்கலம் என்று நாம் அழைக்கும் இது பெரும்பாலும் துத்தநாகம் கலந்த பித்தளை. செம்போடு துத்தநாகத் தாதுவைச் சேர்த்துச் சூடேற்றும் பழைய முறையில் 100க்கு 28 பங்குக்கு மேல் துத்தநாகம் ஏறுவது கடினம். அதைத் தாண்டினால் 19ஆம் நூற்றாண்டைச் சந்தேகிக்கலாம். 1860களுக்குப் பின் மின்பகுப்பில் சுத்திகரித்த செம்பு வந்தது. பழைய செம்பில் கலந்திருக்கும் ஆர்செனிக், ஆன்டிமனி போன்ற கசடுகள் அதில் அநேகமாக இருக்காது. ஊடுகதிர் கருவியால் பொருளைக் கீறாமலே இவற்றை அளக்கிறார்கள். முலாத்தில் பாதரசத் தடயம் இருப்பதை மட்டும் வைத்து மயங்கக் கூடாது. 1840களில் மின்முலாம் வந்த பிறகும் உயர்ந்த பட்டறைகள் பாதரச முறையை விடவில்லை. பாதரசம் இல்லையென்றாலும் விளக்கு பொய்யாகிவிடாது. உண்மையான பழைய விளக்குக்கு மின்முலாம் பூசிப் புதுப்பித்திருக்கலாம். கருவி காலத்தைப் பற்றித்தான் சாட்சி சொல்லும். பெயரைப் பற்றி அதனிடம் கேட்டுப் பயனில்லை.

பின்புறத்தைப் பார்க்கப் பழகிய கண்ணுக்கு இன்னும் சில தெரியும். கையால் வெட்டிய திருகாணியின் சுற்றுகள் ஒழுங்கற்றிருக்கும். எந்தக் கிளை எந்தத் தண்டில் சேரும் என்பதற்குப் பட்டறைக்காரர் குத்திய புள்ளிகளும் வெட்டுகளும் இருக்கும். புள்ளிகள் பொருந்தாவிட்டால் உறுப்புகள் மாறியிருக்கின்றன. முகத்தைக் கழுவி மெருகேற்றுபவர்கள் முதுகை அநேகமாக மறந்துவிடுகிறார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் என் கணிப்பு இது. கணக்குச் சீட்டோ பதிவேட்டு எண்ணோ நம்பத்தக்க பொறிப்போ இல்லாத சுவர்விளக்குக்கு ஒரே பெயரைச் சூட்டுவது தேவையில்லாத வேலை, பெரும்பாலும் விலைக்காகச் செய்யும் வேலை. வரைந்தவர் இன்னார், வார்த்தவர் தெரியவில்லை, முலாம் பூசியவர் தெரியவில்லை என்று தனித்தனி வரியாக எழுத அட்டையில் இடம் இருக்கத்தான் செய்கிறது. பெரிய அருங்காட்சியகம் ஒன்றில் இந்த விளக்குகளைப் பார்க்க நேர்ந்தால் அட்டையை முதலில் படியுங்கள். ‘பாரிஸ், 1775ஐ ஒட்டியது, செய்தவர் தெரியவில்லை’ என்று எழுதியிருந்தால், அந்த இடத்தில் வேலை செய்பவர்களை நம்பலாம்.